ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடும் முன்: மார்க், கிரேடு, திருத்தம் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பருவத் தேர்வு முடிந்து பள்ளிக்கு வரும்போது கேட்கிற கேள்விகள் இவை. பெரும்பாலும் 8ஆம் வகுப்பு வரைக்குமானவை; பத்தாவதும் பிளஸ் டூவும் ஆங்காங்கே வரும். பதில் சொல்வது ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியர். துறையின் சுற்றறிக்கை என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

ஏ1, பி2 என்று போட்டிருக்கிறதே, இதை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

2012-13ஆம் கல்வியாண்டில் 1 முதல் 8 வரை முப்பருவ முறை வந்தபோது கூடவே வந்த முறை இது. ஒரு பருவத்துக்கு, ஒரு பாடத்துக்கு 100 மதிப்பெண். அதில் 60 பருவத்தின் கடைசியில் நடக்கும் எழுத்துத் தேர்வுக்கு. அதன் பெயர் தொகுத்தறி மதிப்பீடு. மிச்சம் 40 வளரறி மதிப்பீடு. அதிலும் 20 செயல்பாடுகளுக்கு, 20 வகுப்பில் வைக்கும் சிறு தேர்வுகளுக்கு. ஸ்டாஃப் ரூமில் "எஃப்.ஏ. மார்க் ஏத்தியாச்சா?" என்று கேட்டால் இந்த 40ஐத்தான் கேட்கிறார்கள்.

மொத்தத்தில் 91ம் அதற்கு மேலும் வாங்கினால் ஏ1, 81 முதல் 90 வரை ஏ2. அப்படியே பத்துப் பத்தாக இறங்கி பி1, பி2, சி1, சி2. 33 முதல் 40 வரை டி, 21 முதல் 32 வரை இ1, அதற்கும் கீழே இ2. 61 வாங்கியவனும் 70 வாங்கியவனும் ஒரே பி2தான். 70க்கும் 71க்கும் நடுவில் மட்டும் சுவர். அதனால் கிரேடு ஒரு படி இறங்கிவிட்டது என்று வீட்டில் ரகளை செய்வதற்கு முன் மதிப்பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு மார்க் குறைந்திருக்கலாம்.

அந்த 40 மார்க்கை எல்லாருக்கும் 38, 39 என்று அள்ளிப் போட்டுவிடுகிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

பல இடங்களில் உண்மை. எல்லா இடத்திலும் என்று சொல்லமாட்டேன்.

இதற்குக் காரணம் சோம்பல் மட்டுமில்லை. மார்க்கை எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில், ஏற்ற வேண்டும். 38 போட்டால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். 17 போட்டால் தலைமை ஆசிரியர் கேட்பார், பார்வைக்கு வருகிறவர் கேட்பார், பெற்றோரும் வந்து நிற்பார்கள். குறைத்துப் போடுகிறவர் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். கூட்டிப் போடுகிறவர் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம். இப்படி ஒரு ஏற்பாட்டில் எண்கள் மேலேதான் போகும்.

வீட்டிலும் கொஞ்சம் பங்கு இருக்கிறது. நீர்ச்சுழற்சி சார்ட்டை அம்மா வரைந்து, அக்கா வண்ணம் அடித்து, தலைப்பை மட்டும் பிள்ளை எழுதினால் ஆசிரியர் யாருக்கு மார்க் போடுவது? சிபிஎஸ்இயும் இந்தப் பாதையில் போய்த் திரும்பியதுதான். 2010-11ல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைக் கட்டாயமில்லாமல் ஆக்கி, தொடர் மதிப்பீட்டை முன்னால் வைத்தார்கள். 2017-18ல் மறுபடி பொதுத்தேர்வு கட்டாயமானது. யோசனையில் குறையில்லை. பிள்ளை என்ன செய்கிறது என்று தினமும் பார்ப்பதற்காக வந்த திட்டம், பதிவேட்டை நிரப்பும் வேலையாகச் சுருங்கிப்போனது.

ஆகவே, 60க்கு எவ்வளவு, 40க்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். 40க்கு 38ம் 60க்கு 19ம் வாங்கிய பிள்ளைக்குக் கார்டில் 57, சி1 என்று வரும். அந்த 57 உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. 19தான் சொல்லும்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் இந்த இரட்டைக் கணக்கை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. தேர்ச்சிக்குச் செய்முறையில் 15, எழுத்தில் 20, ஆக 35. செய்முறையில் முழு மார்க் வாங்கிவிட்டாலும் எழுத்தில் அந்த 20 தனியாக வேண்டும்.

நோட்டைத் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு டிக், ஒரு 'குட்', ஒரு கையெழுத்து. டீச்சர் படித்தாரா இல்லையா?

பெரும்பாலும் முழுக்கப் படித்திருக்கமாட்டார். ஒரு பட்டதாரி ஆசிரியருக்கு 5 வகுப்பு, வகுப்புக்கு 40 பேர் என்றால் 200 நோட்டு. ஒரு நோட்டுக்கு 3 நிமிடம் வைத்தால் 10 மணி நேரம். அது ஒரு பாடத்துக்கு, ஒரே ஒரு சுற்றுக்கு. ஆனால் பார்வைக்கு வருகிறவர் திருத்தாத பக்கம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். திருத்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது அபூர்வம். எனவே எல்லாப் பக்கத்திலும் சிவப்பு மை ஓடுகிறது, எந்தப் பக்கமும் படிக்கப்படுவதில்லை.

எல்லா நோட்டையும் எல்லா வாரமும் ஒப்புக்குத் திருத்துவதை விட, வாரத்துக்கு எட்டுப் பேர் நோட்டை எடுத்து உட்கார்ந்து படித்து, இரண்டு வரி எழுதுவது மேல் என்பது என் கட்சி. அதற்கு மேலே இருப்பவர்களும் இசைய வேண்டும், பெற்றோரும் "என் பிள்ளை நோட்டில் இந்த வாரம் டிக் இல்லையே" என்று வந்து நிற்காமல் இருக்க வேண்டும்.

உருப்படியான திருத்தம் என்றால் எப்படி இருக்கும்? ஒன்றைக் காட்டுங்கள்.

ஐந்தாம் வகுப்பு நோட்டில் ஒரு கழித்தல்:

503 − 268 = 365

சரியான விடை 235. வழக்கமாக என்ன நடக்கும்? ஒரு பெரிய பெருக்கல் குறி, பக்கத்தில் 235, கீழே "கவனமாகச் செய்" என்று ஒரு வரி.

இந்தப் பிள்ளை கவனமாகத்தான் செய்திருக்கிறது. ஒன்றாம் இடத்தில் 3, 8. இரண்டில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 5. பத்தாம் இடத்தில் 0, 6, கழித்து 6. நூறில் 5, 2, கழித்து 3. மூன்று இடத்திலும் ஒரே விதி. "பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்க முடியும்" என்று இரண்டாம் வகுப்பில் கேட்டதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. கடன் வாங்குவது என்றால் என்ன என்பது அதற்குப் புரியவே இல்லை. இதே பிள்ளைக்கு 568 − 203 கொடுத்தால் 365 என்று சரியாகப் போட்டு டிக் வாங்கிவிடும். இரண்டு கணக்குக்கும் தனக்கு ஒரே விடை வருகிறதே என்று அதற்குத் தோன்றாது. அதைத் தோன்றவைப்பது நம் வேலை.

திருத்தம் இப்படி இருக்கலாம்: "365ஐயும் 268ஐயும் கூட்டிப் பார். 503 வருகிறதா? நாளை 10 ரூபாய், 1 ரூபாய்த் தாள்களோடு 43 − 28 செய்து பார்ப்போம்." இதில் திட்டும் இல்லை, பாராட்டும் இல்லை. விடை தப்பு என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, அடுத்து என்ன என்பதும் இருக்கிறது. 503க்கு முன்னால் 43க்கு இறங்கியதும் யோசித்துச் செய்ததுதான். நடுவில் பூஜ்ஜியம் வரும் கணக்கு, கடன் வாங்கத் தெரிந்த பிள்ளையையே தடுமாற வைக்கும்.

மார்க்கும் போட்டு இப்படிக் குறிப்பும் எழுதினால் இரண்டு பலனும் கிடைக்குமே?

எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும். 1988ல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் பள்ளிப் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு பிரிவுக்கு மார்க் மட்டும், ஒரு பிரிவுக்குக் குறிப்பு மட்டும், மூன்றாவதற்கு இரண்டும். அடுத்த வேலையில் முன்னேறியவர்கள் குறிப்பு மட்டும் பெற்றவர்கள். இரண்டும் பெற்றவர்கள், மார்க் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்ற இடத்தில் நின்றார்கள்.

நம் வகுப்பில் இதற்கு ஆய்வே வேண்டாம். விடைத்தாளைக் கொடுத்ததும் பிள்ளைகள் முதலில் தங்கள் எண்ணைப் பார்க்கும், அடுத்து பக்கத்தில் இருப்பவனின் எண்ணை, பிறகு கூட்டல் சரியா என்று. அத்தோடு தாள் பைக்குள் போய்விடும். சில ஆசிரியர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள்: குறிப்பு எழுதிய தாளை முதல் நாள் கொடுத்து, தப்பான இரண்டு கேள்வியைத் திருத்தி எழுதச் சொல்லிவிட்டு, மறுநாள்தான் மார்க்கைச் சொல்வது. காசு செலவில்லாத வேலை. வகுப்பு முதல் முறை முணுமுணுக்கும், பிறகு பழகிவிடும்.

தமிழில் எழுதியதில் எல்லாப் பிழையையும் வட்டம் போட்டுக் காட்டத்தானே வேண்டும்? விட்டுவிட்டால் அதுவே பழகிவிடாதா?

நாலாம் வகுப்புப் பிள்ளை மழையைப் பற்றி எழுதியது:

"நேத்து எங்க ஊர்ல மலை பெஞ்சுது. ஆட்டுக்குட்டி நனைஞ்சு குளுருல நடுங்குச்சு. ஆத்தா அத அடுப்பு பக்கத்துல கட்டுனாங்க."

வட்டம் போட ஆரம்பித்தால் ஆட்டுக்குட்டியும் ஆத்தாவும்தான் மிஞ்சுவார்கள். அந்தப் பக்கத்தைப் பார்க்கிற பிள்ளை அடுத்த முறை தனக்குத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து "மழை நமக்கு மிகவும் பயன்படுகிறது" என்று கோனார் நோட்ஸ் பாணியில் எழுதும். பிழை இருக்காது. ஆட்டுக்குட்டியும் இருக்காது.

இதில் எது முக்கியம் என்று ஆசிரியர் தேர்ந்தெடுக்க வேண்டும். மலை, மழை: பொருளே மாறுகிறது, அதை விட முடியாது. பெஞ்சுது, நனைஞ்சு, நடுங்குச்சு மூன்றும் ஒரே வகை, பேச்சு வழக்கு. அதில் ஒன்றை மட்டும் எடுத்து "பெஞ்சுது, எழுதும்போது பெய்தது. இதைப் போல இன்னும் இரண்டு இருக்கின்றன, தேடு" என்றால் போதும். மற்றதை இந்த முறை விட்டுவிடலாம். கடைசியில் ஒரு கேள்வி: "அடுப்பு பக்கத்தில் கட்டிய பிறகு குட்டி என்ன செய்தது?" இதற்குப் பதில் எழுதினால் பிள்ளை இன்னும் நாலு வரி எழுதியிருக்கும்.

விட்ட பிழையைப் பார்த்து "டீச்சருக்கே தெரியவில்லை போல" என்று பெற்றோர் நினைப்பது நியாயம்தான். அதனால் "இந்த வாரம் ழ, ல மட்டும் பார்க்கிறேன்" என்று நோட்டின் மேலே எழுதிவிடுவது நல்லது.

படிப்பு ஏறாத பிள்ளையிடம் உள்ளதை உள்ளபடி சொன்னால் மனசு உடைந்துபோகாதா?

பிள்ளையைப் பற்றிச் சொன்னால் உடையும். அது செய்ததைப் பற்றிச் சொன்னால் அவ்வளவாக உடையாது. "நீ கணக்கில் வீக்" என்பதில் அது செய்யக்கூடியது ஒன்றுமில்லை. "உனக்கு 6ஆம் வாய்ப்பாடு தடுமாறுகிறது, அதனால்தான் வகுத்தல் நிற்கிறது" என்பதில் வேலை இருக்கிறது. பின்னது முன்னதை விடக் கடுமையான உண்மை, ஆனாலும் தாங்கக்கூடியது.

பாராட்டும் இப்படித்தான். கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் 1998ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நன்றாக முயன்றாய்" என்றும் பாராட்டினார்கள். அடுத்து கடினமான கணக்கு கொடுத்து அதில் தோற்றதும், புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்கள்தான் சீக்கிரம் துவண்டார்கள். தாங்கள் வாங்கிய மார்க்கைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே!

அரசுப் பள்ளிகளில் 2022ல் 1 முதல் 3 வரையான வகுப்புகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். யாருக்கு எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்று பார்ப்பது நல்ல ஏற்பாடு. பெயரும் மென்மையானது. ஆனால் ஒன்றரை மாதத்தில் எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும், அரும்பு என்றால் என்ன என்று. நிலையின் பெயரை இனிமையாக வைப்பதால் ஒன்றும் ஆகாது. அரும்பில் இருக்கும் பிள்ளை அங்கேயே வருடம் முழுக்க உட்காராமல் இருந்தால்தான் அந்தப் பெயருக்கு அர்த்தம்.

எட்டாவது வரை ஃபெயில் கிடையாது. அப்புறம் எதற்கு இந்த மார்க்கெல்லாம்?

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் தொடக்கக் கல்வி முடியும் வரை ஒரு பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்றது. 2019ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, 5லும் 8லும் நிறுத்துவதா என்பதை மாநிலங்களிடம் விட்டார்கள். தமிழ்நாட்டில் அதே வருடம் 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள்.

நிறுத்தி வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. முதல் தடவை புரியாததை அதே மாதிரி இரண்டாம் தடவை நடத்தினால் புரிந்துவிடாது, பிள்ளை பள்ளியை விட்டுத்தான் போகும். ஆனால் அதே சட்டம் 29ஆம் பிரிவில் பிள்ளையின் புரிதலைத் தொடர்ந்து மதிப்பிட வேண்டும் என்றும் சொல்கிறது. நிறுத்தாதே என்ற பாதியைப் பிடித்துக்கொண்டு மதிப்பிடு என்ற பாதியை விட்டுவிட்டோம். எட்டு வருடம் பி1 வாங்கி வந்த பிள்ளை ஒன்பதாவதில் முதல் காலாண்டுத் தேர்வில் 22 வாங்கும்போது வீடே திகைக்கிறது. அந்த 22 திடீரென்று வந்ததில்லை. யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரே விடைக்கு ஒரு டீச்சர் 3 போடுகிறார், இன்னொருவர் 5 போடுகிறார். இது நியாயமா?

பழைய வழக்கு. 1913ல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஒரே ஜியோமெட்ரி விடைத்தாளைப் பல ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். 30க்குக் கீழே போட்டவரும் உண்டு, 90க்கு மேல் போட்டவரும் உண்டு. கட்டுரைக்கு மார்க் வேறுபடும் என்று எல்லாரும் ஒத்துக்கொள்வோம். கணக்கிலேயே இந்தக் கதி. படம் வரைந்ததற்கு, படிகள் எழுதியதற்கு, கையெழுத்துக்கு என்று ஆளுக்கொரு கணக்கு. பொதுத்தேர்வு திருத்தும் முகாமில் விடைக்குறிப்பைக் கையில் கொடுத்து, எந்தப் படிக்கு எத்தனை மார்க் என்று வரையறுப்பது இதற்காகத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரீமா ஹன்னா, லீ லின்டன் இருவரும் இந்தியாவில் ஒரு சோதனை செய்தார்கள், 2012ல் வெளியானது. பிள்ளைகள் எழுதிய தாள்களின் முகப்பில் சாதியை மனம்போனபடி மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று குறித்த தாள்களுக்கு மார்க் குறைந்தது. வித்தியாசம் சிறியதுதான், ஆனால் இருந்தது. அதுவும் கட்டின் மேலே இருந்து முதலில் திருத்தப்பட்ட தாள்களில்தான் அதிகம். என்ன எதிர்பார்ப்பது என்று இன்னும் பிடிபடாத நேரத்தில் கை பழைய எண்ணத்தின் பக்கம் போய்விடுகிறது. பிளஸ் டூ விடைத்தாளில், யாருடையது என்று திருத்துகிறவருக்குத் தெரியாமல் இருக்க, டம்மி நம்பர் இருக்கிறது. வகுப்புத் தேர்வில் பெயர் முதல் வரியிலேயே இருக்கிறது. பெயரைத் தாளின் பின்பக்கம் எழுதச் சொல்லிவிட்டுத் திருத்தினால் ஒரு நிமிடம்கூடக் கூடுதலாக ஆகாது.

விடைத்தாளைக் காட்டமாட்டேன் என்கிறார்கள். கேட்க எனக்கு உரிமை உண்டா?

பொதுத்தேர்வு என்றால் உண்டு. தேர்வு எழுதியவர் திருத்தப்பட்ட தன் விடைத்தாளைப் பார்க்கத் தகவல் உரிமைச் சட்டம் இடம் தருகிறது என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. அது சிபிஎஸ்இ தொடர்பான வழக்கு. நம் பிளஸ் டூவில் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்த பிறகு மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ போகலாம். நகல் வாங்காமல் மறுமதிப்பீடு கேட்க முடியாது.

ஆறாம் வகுப்புத் தாளுக்குச் சட்டப் பிரிவைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். "சார், கணக்குத் தாளைக் கொஞ்சம் பார்க்கணும், எந்த இடத்துல விடறான்னு தெரியணும்" என்று கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். "ஏன் 2 மார்க் குறைச்சீங்க?" என்று தொடங்கினால் பீரோ சாவி காணாமல் போய்விடும்.

பக்கத்து வீட்டுப் பையன் தனியார் பள்ளியில் 98 வாங்குகிறான். எங்கள் பிள்ளை 64. மாற்றிவிடலாமா?

இரண்டு வேறு கேள்வித்தாளின் எண்களை ஒப்பிட முடியாது. புக் பேக் கேள்விகளையே கேட்டு, அதற்கு மூன்று ரிவிஷன் டெஸ்ட் வைத்த பிறகு வரும் 98 ஒரு வகை. இரண்டு பிள்ளைக்கும் அதே கணக்கை எண் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். அதற்கு மேல் உங்கள் விருப்பம்.

முன்பெல்லாம் ரேங்க் போடுவார்கள். இப்போது என் பிள்ளை எந்த இடத்தில் இருக்கிறது என்றே தெரியவில்லை.

பொதுத்தேர்வில் மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பதை 2017லேயே நிறுத்திவிட்டார்கள். கீழ் வகுப்புகளில் சில பள்ளிகள் இன்னும் விடாமல் வைத்திருக்கின்றன. உங்கள் பிள்ளைக்குப் பின்னம் தெரியுமா என்பதை 14வது ரேங்க் சொல்லாது, மற்ற 13 பேரைப் பற்றித்தான் சொல்லும்.

பெற்றோர் கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிடம்தான். என்ன கேட்பது?

"எப்படிப் படிக்கிறான்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நல்லாப் படிக்கிறான், இன்னும் கொஞ்சம் கவனம் வேணும், விளையாட்டுப் புத்தி" என்று பதில் வரும். எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும் பதில்.

"போன பருவத்தில் செய்ய முடியாதது எதை இப்போது செய்கிறாள்?" என்று கேளுங்கள். "வகுப்புப் புத்தகத்தைத் தடுமாறாமல் வாசிக்கிறாளா, இப்போது வாசிக்கச் சொல்லலாமா?" என்று கேளுங்கள். ஒரு நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டி, "இது எதனால் தப்பு?" என்று கேளுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், ஆனால் அதன் எதிரில் அண்ணனோடு ஒப்பிட வேண்டாம். ஆசிரியருக்குச் சட்டென்று பதில் வரவில்லை என்றால் கோபப்படாதீர்கள். அடுத்த முறை நீங்கள் கேட்பீர்கள் என்று தெரிந்தால் அவர் பார்த்து வைப்பார்.

வகுப்பில் பிள்ளைகளையே மாற்றி மாற்றித் திருத்தச் சொல்கிறார்களாமே?

சொல்வதெழுதுதல், வாய்ப்பாடு போன்றவற்றுக்கு நல்லது, திருத்துகிறவனும் கற்றுக்கொள்கிறான். மார்க்கைச் சத்தமாக வாசிக்கச் சொல்வது மட்டும் கூடாது.

வீட்டுப்பாடத்தை நாங்களே திருத்தி அனுப்பலாமா?

பார்க்கலாம், விளக்கலாம். தப்பை ரப்பரால் அழித்து, சரியானதை எழுத வைத்து அனுப்பாதீர்கள். அப்படி வரும் நோட்டில் எல்லாம் சரியாக இருக்கும்; பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்து ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். தப்பை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு அதன் பக்கத்தில் மறுபடி செய்யட்டும். இரண்டையும் ஆசிரியர் பார்க்க வேண்டும். வீட்டில் சொல்லிக்கொடுத்து வந்தது என்றால் ஓரத்தில் பென்சிலால் "அப்பா உதவி" என்று எழுதிவிடுங்கள். அதற்காக எந்த ஆசிரியரும் மார்க்கைக் குறைக்கமாட்டார்.